பச்சை அட்டை

பேரீச்சம்பழ டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார்
சவரிராயன்.
இனிப்பென்று நினைத்து
லிஸ்ஸம்மா மூடியைத் திறக்கப் போனாள்.
"அய்யோ, அது அது இல்ல சிஸ்டர்!"
அவர் பதறிய பதற்றத்தில்
சொஹார் துறைமுகச் சாலையின் அந்தச் சின்ன கிளினிக்
முழுக்கச் சிரித்தது.
உள்ளே ஒரு குழாய்.
குச்சி நுனியளவு மலம்.

ஐம்பத்திரண்டு வயது. சாரம் கட்டுகிறவர்.
வலி இல்லை, எடை குறையவில்லை, பசிக்கிறது.
பிரஷர் மாத்திரைக்கு வந்தவரிடம்
நான்தான் ஆரம்பித்தேன்.
ஒன்றுமில்லாதவரை உட்காரவைத்துக்
கவலைப்பட வைப்பது
என் வேலையில் ஒரு பகுதி.
ஆயிரம் பேரைச் சோதித்தால்
சிலர் பிழைப்பார்கள்,
பலருக்குச் சும்மா தூக்கம் கெடும்,
அதில் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது
என்றேன்.
பாதி உண்மையை அழுத்தமாகச் சொல்லிப் பழகிய வாய்க்கு
முழு உண்மை திக்கியது.

"ஏழு நாளைக்கு ஒருதரம்
ஒவ்வொரு கிளாம்ப்பையும் தட்டிப் பாத்துத்தான்
பச்சை அட்டை மாட்டுவோம் டாக்டர்.
விழுந்த சாரத்த எவன் செக் பண்ணுவான்?
குடுங்க குழாய."

பாசிட்டிவ்.

அடுத்தது குடலுக்குள் கேமரா.
நெறிமுறைப் புத்தகத்தில்
ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்கு
அம்புக்குறி ஒரு விரற்கடை நீளம்.
அந்த விரற்கடைக்குள்தான்
காப்பீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.
அறிகுறி என்ன என்றார்.
இல்லை என்றேன்.
அப்புறம் எதற்கு என்றார்.
மூன்றாவது முறை பேசும்போது
"கண்ணுக்குத் தெரியாத இரத்தப்போக்கு" என்று எழுதி
முதல் இரண்டு சொற்களை அடித்துவிட்டு அனுப்பினேன்.
பொய்யில்லை.
இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கே.

அதே விரற்கடைக்குள் முந்தின இரவும் இருந்தது:
நான்கு லிட்டர் பேதி மருந்து,
கேம்ப்பில் இருபத்திரண்டு பேருக்கு இரண்டு கழிப்பறை,
ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது,
விடியற்காலை நான்கு மணிக்கே வரிசை.
அம்புக்குறி வரைந்தவர்
அந்த வரிசையில் நின்றதில்லை.
நானும்தான்.
"வேண்டாம் டாக்டர்" என்று அவர் சொன்னபோது
புற்றுநோய்க்குப் பயப்படுகிறார் என்றே நினைத்தேன்.
லிஸ்ஸம்மாதான் சொன்னாள்,
"மனுஷருக்கு வெட்கம், மேடம்."

சனி இரவு
ட்ரிப் ஏற்றும் அறையைத் திறந்துவிட்டேன்.
மேலாளரிடம் கேட்கவில்லை.
கேட்டால் ஒரு பதில் வரும்.
ஆகஸ்ட் புழுக்கத்தில் ஜன்னல் கண்ணாடி
வெளிப்பக்கமாக வியர்த்து வழிந்தது.
ஒரு கட்டில், ஒரு கழிப்பறை, உள்தாழ்ப்பாள்.
பதினோரு மணிக்கு போன் செய்தார்.
பதறி எடுத்தேன்.
"ஒண்ணுமில்ல டாக்டர்.
பதினாறு வருசத்துல
எனக்குன்னு ஒரு கக்கூஸ் இன்னைக்குத்தான்.
சொல்லணும்னு தோணுச்சு."

ஒரு பாலிப். சுண்டைக்காய் அளவு.
எடுத்தாயிற்று.
விட்டிருந்தால் பத்து வருடத்தில் என்னவாகியிருக்கும்?
ஒருவேளை அவரைத் தின்றிருக்கும்.
ஒருவேளை அவரோடு சேர்ந்தே கிழமாகி
யாரையும் தொந்தரவு செய்யாமல் மண்ணுக்குள் போயிருக்கும்.
நடக்காமல் போனதை
எந்த நுண்ணோக்கியிலும் வைத்துப் பார்க்க முடிவதில்லை.
நன்றி என்று அவர் கையெடுத்தபோது
எதற்கென்று இருவருக்குமே நிச்சயமில்லை.

மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தபடி கேட்டார்:
"உங்களுக்கு யாரு டாக்டர் அட்டை மாட்டுறது?"

டிராயரில், ஸ்டேப்ளருக்கு அடியில்,
என் மார்பக எக்ஸ்ரேக்கான சீட்டு இருக்கிறது.
நாற்பத்தெட்டு முடிந்துவிட்டது எனக்கு.
தேதியை மூன்று முறை மாற்றியிருக்கிறேன்,
மூன்று முறையும் நல்ல காரணத்தோடு.

"அடுத்த வாரம்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சற்று ஆடுகிற கிளாம்ப்பைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்துவிட்டு
வெயிலுக்குள் போனார்.